கேள்வித்தாளோடு போன ஊர்

தெற்கே வந்த படிப்பு – 9

தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போன பஞ்சுப் பொதிகளின் பின்னால் சென்ற இதழில் நடந்தோம். கரிசல் சம்சாரி விளைவித்த பஞ்சுக்கு அவன் கண்ணால் பார்த்திராத ஊர்களில் எப்படி விலை தீர்ந்தது என்று கண்டோம். அந்தப் பஞ்சுச் சீமையில் இருந்த ஒரு சிற்றூர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாடமான கதை இந்த இதழில் வருகிறது.

ஊரின் பெயர் வடமலைபுரம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கிழக்கே சிவகாசிப் பக்கம் போனால் வரும் கரிசல் காட்டு ஊர்களில் ஒன்று. வெளியூர்க்காரர் யாரும் தேடி வருகிற ஊர் அல்ல. ஆனால் இந்தியக் கிராமப் பொருளாதாரத்தை ஆராய்கிறவர்கள் ‘ஸ்லேட்டர் கிராமங்கள்’ என்று ஒரு பட்டியலைச் சொல்வார்கள். அதில் இந்த ஊருக்கு இடம் உண்டு. 1916-ஐ ஒட்டி அங்கே முதல் கணக்கு எடுக்கப்பட்டது. பிறகு இருபது ஆண்டு கழித்து, அதன் பின் மேலும் இரு முறை என்று பல்கலைக்கழகத்தாரும் ஆய்வாளர்களும் அதே ஊருக்குத் திரும்ப வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வித்தாளோடு வந்தார்கள். அந்தக் கேள்விகள் எப்படி மாறின என்று பார்த்தாலே தமிழ்நாட்டில் பொருளாதாரம் படித்த, படிப்பித்த வரலாறு பாதி தெரிந்துவிடும்.

வாத்தியார் வந்தார்

1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் நெடுங்காலம் பரீட்சை நடத்திப் பட்டம் கொடுக்கிற இடமாகவே இருந்தது. பாடம் நடந்ததெல்லாம் கல்லூரிகளில். 1904-இல் வந்த பல்கலைக்கழகச் சட்டம்தான் பல்கலைக்கழகங்கள் தாமே ஆசிரியர்களை வைத்துக்கொள்ள வழி திறந்தது. அதன் பலனாகச் சென்னையில் சில பேராசிரியர் பதவிகள் உருவாயின. 1914-இல் இந்திய வரலாற்றுக்கும் தொல்லியலுக்கும் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் அமர்ந்தார். மறு ஆண்டு இந்தியப் பொருளாதாரத்துக்கு இங்கிலாந்திலிருந்து கில்பர்ட் ஸ்லேட்டர் வந்தார்.

அப்போது அவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளிகள் படிப்பதற்காக ஏற்பட்ட ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அதற்கு முன் லண்டனின் வுல்விச் பகுதிக்கு மேயர். இங்கிலாந்தில் ஊர்ப் பொதுநிலங்களுக்கு வேலி போட்டு அவற்றைத் தனியார் உடைமையாக்கியபோது சிறு குடியானவன் என்ன ஆனான் என்று ஆராய்ந்து 1907-இல் புத்தகம் எழுதியவர். நிலம் கை மாறினால் சோறு கை மாறும் என்பது சென்னைக்கு வருமுன்பே அவர் கற்றிருந்த பாடம்.

அவர் தலைமுறையில் இங்கிலாந்தில் வறுமையை வீடு வீடாக அளக்கிற வழக்கம் பரவியிருந்தது. லண்டனில் சார்லஸ் பூத் தெருத்தெருவாகக் கணக்கெடுத்தார். யார்க் நகரில் சீபோம் ரவுன்ட்ரீ, ஒரு குடும்பம் உயிரோடு இருக்கவே எவ்வளவு காசு வேண்டும் என்று கூட்டிப் பார்த்து 1901-இல் வெளியிட்டார். ஏழை ஏன் ஏழையாக இருக்கிறான் என்று உபதேசம் செய்வதற்கு முன் அவன் வீட்டு வரவு செலவைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அந்த ஆய்வுகளால் வலுப்பட்டது.

சென்னையில் அப்போது பொருளாதாரம் படித்தவர்கள் மில், மார்ஷல் எழுதிய ஆங்கில நூல்களை உருப்போட்டார்கள். கோதுமை விலை, லங்காஷையர் ஆலைக்கூலி, இங்கிலாந்து நிலவாடகை என்றே உதாரணங்கள் வந்தன. கம்பும் சோளமும் தின்று வளர்ந்த பிள்ளை கோதுமைச் சந்தையைப் பற்றிக் கட்டுரை எழுதித் தேறினான். ஸ்லேட்டர் அந்த மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, விடுமுறைக்குப் போகும்போது அவரவர் ஊரைப் பற்றி எழுதிவரச் சொன்னார். இந்தியாவில் பொருளாதாரம் படிப்பவன் முதலில் படிக்க வேண்டியது கிராமத்தை என்பது அவருடைய உறுதி.

மாணவர்கள் கொண்டுவந்த கணக்குகளைத் தொகுத்து 1918-இல் ‘சில தென்னிந்தியக் கிராமங்கள்’ என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலாக்கினார். ராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரம், திருநெல்வேலியின் கங்கைகொண்டான், தஞ்சையின் பாலக்குறிச்சி, வட ஆர்க்காட்டுத் தூசி, தென் ஆர்க்காட்டு இருவேல்பட்டு ஆகிய தமிழ் ஊர்கள் அதில் இடம்பெற்றன. மலையாளம், தெலுங்கு பேசும் பகுதிகளின் ஊர்களும் உண்டு. ஏறக்குறைய அதே நேரத்தில், 1917-இல், புனே பக்கத்தில் ஹரால்டு மான் ஒரு தக்காணக் கிராமத்தின் நிலத்தையும் உழைப்பையும் ஆராய்ந்து வெளியிட்டிருந்தார். இந்தியக் கிராம ஆய்வு என்று இன்று சொல்லப்படுவதன் முதல் வரப்புகள் இவை.

மரக்காலும் கடனும்

1916-இல் இந்தப் பக்கத்துப் பையன் ஒருவன் சென்னையிலிருந்து ஊர் திரும்புவதை எண்ணிப் பாருங்கள். விருதுநகர்–தென்காசி ரயில் பாதை 1927-இல்தான் வந்தது. அதுவரை சிவகாசிக்கோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ ராஜபாளையத்துக்கோ ரயில் கிடையாது. அந்நாளில் விருதுபட்டி என்று பெயர் பெற்றிருந்த விருதுநகரிலோ சாத்தூரிலோ இறங்கி மாட்டுவண்டி பிடிக்க வேண்டும். ராமநாதபுரம் மாவட்டமே 1910-இல்தான் உருவானது. அதற்கு முன் சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் திருநெல்வேலியைச் சேர்ந்தவை.

கேள்வித்தாளில் கேட்டிருந்தவை பார்வைக்கு எளியவை. எத்தனை வீடு, எத்தனை தலை, யார் கையில் எவ்வளவு நிலம், என்ன பயிர், என்ன கூலி, என்ன கைத்தொழில், எவ்வளவு கடன். பதில் எழுத உட்கார்ந்தால்தான் சிரமம் தெரியும்.

முதலில் அளவு. தானியம் படியிலும் மரக்காலிலும் கோட்டையிலும் புழங்கியது. ஓர் ஊர் மரக்காலும் அடுத்த ஊர் மரக்காலும் ஒன்றல்ல. கூலி பாதி தானியமாகவும் கொஞ்சம் காசாகவும் மீதி ஒருவேளைக் கஞ்சியாகவும் வந்தது. கதிர் அறுப்பவனுக்கு ஒரு பங்கு, களம் தூற்றுபவனுக்கு ஒரு பங்கு, தச்சனுக்கும் கொல்லனுக்கும் வண்ணானுக்கும் நாவிதனுக்கும் ஆண்டுக்கு இவ்வளவு என்று களத்திலேயே பிரிந்துபோகும். இதையெல்லாம் ரூபாய், அணா, பைசாவாக்கி ஒரு கட்டத்துக்குள் அடைக்க வேண்டும். விலை என்று புத்தகம் சொல்வது ஒற்றை எண். அந்த எண்ணுக்குப் பின்னால் எவ்வளவு வழக்கமும் வாக்குவாதமும் இருக்கின்றன என்பதை மாணவனுக்குச் சொல்லிக் கொடுத்தது களத்துமேடுதான்.

அடுத்து நிலம். ஊர்க் கணக்கரான கர்ணத்திடம் அடங்கல் என்ற பதிவேடு இருக்கும். எந்தச் சர்வே எண் யார் பட்டா, என்ன பயிர் என்பது அதில் தெரியும். வாரத்துக்கு உழுபவனின் பெயர் பெரும்பாலும் அதில் ஏறாது. பட்டாதாரரின் பெயருக்கும் உழுகிற கைக்கும் நடுவே இருந்த தூரம் காகிதத்தில் விழவில்லை. அதைத் தெரிந்துகொள்ள புஞ்சைக்கும் தோட்டத்துக்கும் நடந்து போய் ஆளைப் பார்த்துக் கேட்க வேண்டியிருந்தது.

மூன்றாவது கடன். யாரும் உண்மை சொல்லாத கேள்வி இது. கடன் கொடுப்பவரும் ஊர்க்காரர்தான். அந்நாளில் சென்னைக்குப் போய்ப் படிக்க வசதி பெற்றிருந்தவர்களில் பெரும்பாலோர் பிராமணர், இல்லையேல் நிலமுள்ள மேல்தட்டுச் சாதியினர். அப்படி ஒரு வீட்டுப் பிள்ளை நோட்டும் பென்சிலுமாக வந்து நின்றால், அவன் அப்பாவிடமோ மாமாவிடமோ கடன்பட்டவர் எந்த எண்ணைச் சொல்வார்? சேரிக்குள் அந்த நோட்டு எத்தனை வீடு வரை போயிருக்கும்? நோட்டைப் பிடித்த கை யாருடையது என்பதைப் பொறுத்தே பதிலும் அமைந்தது. முதல் கணக்கெடுப்பின் பெருமையைச் சொல்லும்போது இந்தக் குறையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்த எண்கள் எடுத்த காலமும் சாதாரணமானதல்ல. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. புத்தகம் அச்சான 1918-இல் விலைவாசி ஏறி, சென்னை மாகாணத்தில் தானியக் கடைகள் சூறையாடப்பட்டன. அதே ஆண்டு விஷக்காய்ச்சல் கொள்ளை கொள்ளையாக ஆட்களை வாரிக்கொண்டு போனது. அந்தப் பெருஞ்சாவுக்கு முன் ஊர்கள் எப்படி இருந்தன என்பதற்கு இந்த மாணவர்களின் நோட்டுகள் சாட்சியாகிவிட்டன.

முதல் கணக்கில் இல்லாத தொழில்

1916-இல் யாராலும் எழுதியிருக்க முடியாத ஒன்று உண்டு. 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போனார்கள். தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பி, மறு ஆண்டு தொழிலைத் தொடங்கினார்கள். மழை பொய்க்கும் கரிசல் பூமி, வேலைக்கு ஏங்கும் ஏழைக் குடும்பங்கள், மருந்து காய ஏற்ற வறண்ட காற்று மூன்றும் ஒரே இடத்தில் வாய்த்தன. விவசாயத்துக்குச் சாபமாக இருந்த வெயில் தீக்குச்சிக்கு மூலதனமாயிற்று. பிறகு பட்டாசு, அச்சு என்று தொழில் கிளைத்தது. ராஜபாளையத்தில் பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். பஞ்சு அதுவரை ஊரைவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. இனி கொஞ்சம் இங்கேயே நூலாகும் என்றாயிற்று.

ஸ்லேட்டர் 1921-வரை பேராசிரியராக இருந்துவிட்டு, பின்னர் நாடு திரும்பினார். 1930-களில் துறைத் தலைமையில் இருந்தவர் பி. ஜே. தாமஸ். ஆக்ஸ்ஃபோர்டில் கிழக்கிந்திய வணிகத்தை ஆராய்ந்து பட்டம் பெற்ற மலையாளி. அவரும் கே. சி. ராமகிருஷ்ணனும் 1936–37-இல் அதே கிராமங்களுக்கு மறுபடி ஆள் அனுப்பிக் கணக்கெடுத்து, 1940-இல் நூலாக வெளியிட்டார்கள். யார்க் நகரில் ரவுன்ட்ரீயும் ஏறக்குறைய அதே சமயத்தில் இரண்டாம் கணக்கெடுப்பை நடத்திக்கொண்டிருந்தார் என்பது பொருத்தமான தற்செயல்.

இந்த முறை கேள்வித்தாளின் சாய்வு வேறு. 1929-க்குப் பின் உலகம் முழுவதும் விலை சரிந்திருந்தது. பஞ்சும் தானியமும் அடிமாட்டு விலைக்குப் போயின. நல்ல விலைக் காலத்தில் வாங்கிய கடனோ அப்படியே நின்றது. நூறு ரூபாய்க் கடனை அடைக்க முன்பு விற்றதைப் போல இரு மடங்கு விளைச்சலை விற்க வேண்டிய நிலை. அதனால் கடனும் விலையும் கேள்விகளின் மையத்துக்கு வந்தன. 1935-இல் சத்தியநாதன் அறிக்கை மாகாணத்து விவசாயக் கடனை அலசியது. 1938-இல் ராஜாஜி ஆட்சி விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. பல்கலைக்கழகத்தில் கேட்ட கேள்வியே கோட்டையிலும் கேட்கப்பட்ட காலம் அது.

ஒரே ஊரை இரண்டாம் முறை அளந்ததன் பலனை இங்கே கவனிக்க வேண்டும். ஒருமுறை எடுத்த கணக்கு ஒரு படம். அந்த ஆண்டு மழை பெய்ததா, விலை ஏறியதா என்பதைப் பொறுத்து அது செழிப்பாகவோ வறட்சியாகவோ தெரியும். இருபது ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டாவது கணக்கு வந்த பிறகே எது தற்காலிகம், எது போக்கு என்று பேச முடியும். முந்தையவர் எண்ணை மதித்து, அதே சர்வே எண்ணிலிருந்து ஆரம்பிக்கும் பொறுமை ஒரு துறைக்கு வாய்ப்பது அரிது. சென்னைக்கு அது வாய்த்தது.

கர்ணம் போன பிறகு

1960-களின் தொடக்கத்தில் மூன்றாம் முறை ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். காலின் கிளார்க்கோடு சேர்ந்து, பிழைப்பு விவசாயத்தின் பொருளாதாரத்தைப் பற்றி 1964-இல் புத்தகம் எழுதியவர். ஏக்கருக்கு எவ்வளவு விளைகிறது, ஒரு குடும்பம் எவ்வளவு தானியத்துக்கு ஈடாக வாழ்கிறது என்பதே அவருடைய கண்ணோட்டம். நாட்டில் அப்போது ஐந்தாண்டுத் திட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. இந்தியக் கிராம வளர்ச்சி பற்றிய அவருடைய நூல் 1967-இல் வெளிவந்தது. கரிசலில் இதற்குள் இறவையின் கதை மாறத் தொடங்கியிருந்தது. 1944-இல் இயங்கத் தொடங்கிய பாபநாசம் மின்திட்டத்துக்குப் பிறகு மின்கம்பி தோட்டங்களைத் தேடி வந்தது. கமலை கட்டி மாடு பின்னும் முன்னும் நடந்த கிணறுகளில் பம்புசெட் ஏறியது. மாடு போய் மோட்டார் வந்தால் தண்ணீர் கூடும், செலவும் கூடும், ஆழத்தில் தோண்டக் காசுள்ளவன் கிணறு மட்டும் நிற்கும்.

நான்காவது சுற்று சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தினுடையது. 1971-இல் மால்கம் ஆதிசேஷையாவும் அவர் மனைவி எலிசபெத்தும் அதை நிறுவினார்கள். யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து, பிறகு சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்த ஆதிசேஷையா, அதற்கெல்லாம் முன் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக் கொடுத்த ஆசிரியர். அந்தக் கல்லூரித் துறையை நெடுநாள் நடத்திய சி. டி. குரியன் 1978-இல் நிறுவனத்தின் இயக்குநரானார். 1980-களில் ஸ்லேட்டர் கிராமங்களுக்கு மறுபடி ஆட்கள் போனார்கள். தமிழக அரசின் நிதித்துறைச் செயலாளராக இருந்து ஆய்வுக்கு வந்த எஸ். குஹன், அமெரிக்க மானிடவியலாளர் ஜோன் மெஞ்சருடன் இருவேல்பட்டை ஆராய்ந்தார். வடமலைபுரத்தை வெங்கடேஷ் ஆத்ரேயா மறு ஆய்வு செய்தார். அது 1984-இல் வெளிவந்தது.

இவர்கள் போனபோது பழைய கர்ணம் இல்லை. பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை 1980-இல் எம்.ஜி.ஆர். ஆட்சி ஒழித்துவிட்டது. அடங்கல் கிராம நிர்வாக அலுவலர் கைக்குப் போயிருந்தது. 1961-இல் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றும் 1970-இல் 15 ஏக்கர் என்றும் வந்த நில உச்சவரம்பால் பெரிய நிலங்கள் காகிதத்தில் பல பெயர்களுக்குப் பிரிந்திருந்தன. காகிதத்துக்கும் காட்டுக்கும் இடையே 1916-இலேயே இருந்த தூரம் இப்போது இன்னும் நீண்டிருந்தது.

கேள்விகளும் மாறின. யார் நிலம் என்பதோடு யார் உழைப்பு என்பதும் சேர்ந்தது. எந்தச் சாதிக்கு எவ்வளவு நிலம், கூலி யாருக்கு எவ்வளவு, பெண்ணுக்கு ஆணைவிட எவ்வளவு குறைவு, ஊருக்கு வெளியே வேலை எங்கே கிடைக்கிறது என்று கேட்டார்கள். சிவகாசி வட்டாரத்தில் இந்தக் கடைசிக் கேள்வி மிகக் கூர்மையானது. விடியுமுன் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து ஹாரன் அடித்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போன காலம் அது. ஏறியவர்களில் பெண்களும் சிறுவர் சிறுமியரும் அதிகம். கட்டையில் குச்சி அடுக்கினால் கட்டைக்கு இவ்வளவு, பெட்டி ஒட்டினால் குரோசுக்கு இவ்வளவு என்று கூலி. மழை தவறிய ஆண்டில் அடுப்பெரிந்தது இந்தக் காசில். அந்தப் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் அதே காசில் கரைந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. அதற்கு முன்பே இந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் உழைப்பு பத்திரிகைகளிலும் ஆய்விதழ்களிலும் பேசுபொருளாகியிருந்தது.

முதல் கேள்வித்தாளில் இந்தப் பெண்களும் பிள்ளைகளும் வீட்டுத் தலைக்கணக்கில் எண்ணாக மட்டுமே இருந்திருப்பார்கள். சம்பாத்தியம் பற்றிய பதிலைக் குடும்பத் தலைவரான ஆணே சொல்வார். எழுபது ஆண்டுக்குள் அவர்கள் தனிக் கேள்வியானார்கள். பொருளாதாரத் துறை இதைத் தானாகக் கண்டுபிடித்தது என்று சொல்ல முடியாது. விவசாயச் சங்கங்களும் தலித் இயக்கங்களும் பெண்கள் இயக்கங்களும் வெளியே எழுப்பிய குரல் வகுப்பறைக்குள் வந்து கேள்வியாயிற்று.

யார் கையில் நோட்டு

இந்தக் கணக்கெடுப்புகளுக்கு நடுவே இன்னொரு மாற்றமும் நடந்தது. ஸ்லேட்டரின் மாணவன் படிக்கச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. பின்னாளில் கல்லூரி பக்கத்திலேயே வந்தது. 1947-இல் விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி வந்தது. சிவகாசியில் 1963-இல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியும் 1968-இல் ராஜரத்தினம் மகளிர் கல்லூரியும் வந்தன. ராஜபாளையத்தில் 1973-இல் ராஜுக்கள் கல்லூரி திறந்தது. 1966-இல் மதுரையில் தனிப் பல்கலைக்கழகம் ஏற்பட்டு, பின்னர் காமராசர் பெயர் பெற்றது. 1960-களில் தொடங்கிய தமிழ்வழிக் கல்லூரிப் படிப்பு, ஆங்கிலத்துக்கு அஞ்சி நின்றவர்களையும் உள்ளே அழைத்தது. அவர்களில் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். கலைக் கல்லூரிகளில் வரலாறும் பொருளாதாரமும் அவர்களுக்கு எளிதில் இடம் கிடைத்த வகுப்புகள்.

இந்த வட்டாரத்தில் படிக்கிற பிள்ளைக்கு ஆய்வுப் பொருளுக்குப் பஞ்சமில்லை. சத்திரப்பட்டியில் உலகத்து ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா மாட்டுக்காரர், சங்கம், கடை, விறகடுப்பு என்று நீளும் ஒரு சங்கிலி. ராஜபாளையம் மில்களில் பஞ்சு இன்று பல நாட்டிலிருந்து வருகிறது. ஒவ்வொன்றிலும் கூலி, கடன், விலை, சாதி, பெண் உழைப்பு என்று 1916 முதல் சேர்ந்த கேள்விகள் அத்தனையும் உயிரோடு இருக்கின்றன.

ஆனாலும் வகுப்பில் பெரும்பாலும் நடப்பது வேறு. கோதுமையின் இடத்தில் ஆப்பிளும் ஆரஞ்சும் வந்திருக்கின்றன. தேவைக் கோடும் அளிப்புக் கோடும் வெட்டிக்கொள்ளும் புள்ளியைப் பலகையில் வரைகிறார்கள். தீப்பெட்டிக் கூலியால் படிக்கிற மாணவி அதே படத்தை நோட்டில் நகலெடுக்கிறாள். கட்டைக் கூலியை நிர்ணயிப்பது அந்தப் புள்ளியா, முன்பணம் கொடுத்த ஏஜெண்டா என்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அவளுக்குத் தெரிந்ததைப் பாடத்திட்டம் கேட்பதில்லை. நூறு ஆண்டுக்கு முன் ஒரு வெளிநாட்டு வாத்தியார் கேட்டார்.

ஸ்லேட்டர் கிராமங்களுக்குப் போவது நின்றுவிடவில்லை. 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் இருவேல்பட்டுக்கும், சில ஆண்டுகளில் கங்கைகொண்டானுக்கும் போனார்கள். கங்கைகொண்டானில் இப்போது சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. விவசாயத்தைக் கணக்கெடுக்கப் போனவர்கள் நகரமாகிக்கொண்டிருக்கும் கிராமத்தைக் கண்டார்கள். நில உடைமையால் ஊரை ஆண்ட குடும்பங்களின் பிடி தளர்ந்ததை இருவேல்பட்டில் பதிந்தார்கள்.

வடமலைபுரத்துக்கு அடுத்த கேள்வித்தாள் எழுதப்படும்போது ஒரு வித்தியாசம் சாத்தியம். 1916-இல் கேட்டவனும் பதில் சொன்னவரும் எதிரெதிர்த் திண்ணைகளில் இருந்தார்கள். இன்று சிவகாசிக் கல்லூரியின் பொருளாதார வகுப்பில் பதில் சொன்னவரின் வழிவந்த பெண் உட்கார்ந்திருக்கக்கூடும். பாட்டியிடம் கேட்காமல் விட்டது என்ன என்று அவளுக்குத் தெரியும். கடனைப் பற்றி யாரிடம் எப்படிக் கேட்டால் உண்மை வரும் என்பதும் தெரியும். இந்த வட்டாரத்துத் துறைகள் செய்ய வேண்டியது, பழைய நான்கு கணக்குகளையும் தமிழில் அவள் மேசைக்குக் கொண்டுவந்து, ஐந்தாவதன் கேள்விகளை அவளையே எழுதச் சொல்வது. பட்டத்துக்கு அதைவிடத் தகுதியான தேர்வு வேறில்லை.

*அடுத்த இதழில்: கொலம்பியாவில் பொதுநிதி படித்து, குஜராத்தில் மாணவர்களோடு மாதர் தாலுகாவை ஆராய்ந்து, கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சாலையில் இருக்கும் தே. கல்லுப்பட்டிக் காந்தி நிகேதனில் வந்து தங்கிய ஜே. சி. குமரப்பா.*